ஓடும்வரை நன்றாக இருந்த பவர் சப்ளை

ஆயுத பூஜை முடிந்த வாரம் எங்கள் சர்வீஸ் மேசையில் கை வைக்க இடம் இருக்காது. மில், லேத் பட்டறை, அச்சகம் என்று எல்லா இடத்திலிருந்தும் பெட்டிகள் வந்து சேரும். ஆண்டு முழுக்க நிறுத்தாமல் ஓடிய இயந்திரத்தை அன்றைக்குத்தான் நிறுத்துவார்கள். தூசி தட்டி, துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, பொரிகடலை படைத்துக் கும்பிடுவார்கள். பூஜை முடிந்து சுவிட்சைப் போட்டால் சிலவற்றுக்கு உயிர் வராது. குறிப்பாகப் பழைய கணினிகளுக்கு.

"நேத்து வரைக்கும் நல்லா ஓடுச்சுங்க" என்பார்கள். அது உண்மைதான். ஆனால் ஓடிக்கொண்டிருந்ததால் நல்ல நிலையில் இருந்தது என்று அர்த்தமில்லை. பல வருடம் பழைய பவர் சப்ளைகளோடு, அதாவது வீட்டு மின்சாரத்தைக் கணினிக்கு ஏற்ற குறைந்த வோல்ட்டாக மாற்றித் தரும் பெட்டிகளோடு, பழகியதில் எனக்கு மிக முக்கியமாகத் தெரிவது இந்த ஒரு விஷயம்தான். இதைப் புரியவைத்த வேலைகளில் ஒன்றை மட்டும் சொல்கிறேன்.

கோவைப் பக்கம் ஒரு நூற்பு மில். அங்கே நூலின் தரத்தைச் சோதிக்கும் ஆய்வகத்தில் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் வாங்கிய ஒரு 386 கணினி. சோதனைக் கருவியிலிருந்து வரும் அளவுகளை வாங்கிக்கொள்ள அதற்குள் ஒரு தனி ஐஎஸ்ஏ கார்டு, அதாவது அந்தக் காலத்து மதர்போர்டில் செருகும் அட்டை. அந்தக் கார்டைப் பேசவைக்கும் மென்பொருள் விண்டோஸுக்கு முந்தைய டாஸில் மட்டும்தான் ஓடும். புதுக் கணினியில் அந்தக் கார்டைச் செருக இடமே கிடையாது. கணினியை மாற்றினால் கருவியையும் மாற்ற வேண்டும், அதற்குப் பல லட்சம் ஆகும். அதனால்தான் முப்பது வருடத்துப் பெட்டியை யாரும் தூக்கிப் போடவில்லை. பழைய கணினி என்றால் ஆசைக்குச் சேர்ப்பவர்களின் அலமாரியில் இருப்பது என்று நினைப்போம். தொழிற்சாலைகளில் அது இன்னமும் சோறு போடுகிறது.

நான் போனபோது சூழ்நிலை சரியாக இல்லை. மில்லின் எலக்ட்ரீஷியன் பையன் ஓரமாக நின்றுகொண்டிருந்தான். மேலாளர் அவனைக் காட்டி, "ராத்திரி பகலா ஓடிட்டிருந்த மெசினுங்க. இவன் போய் ஆஃப் பண்ணிப்போட்டான்" என்றார். அவன் மெதுவாக, "துடைக்கறதுக்கு சுவிட்ச மட்டும்தானுங்கண்ணா ஆஃப் பண்ணுனேன்" என்றான். பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று கவரைக் கழற்றினேன்.

உள்ளே பஞ்சுத் தூசி மெத்தைபோலப் படிந்திருந்தது. ஆய்வகத்தில் ஏசி உண்டு, காற்றின் ஈரப்பதத்தையும் அளவாக வைத்திருப்பார்கள். ஆனாலும் மில் என்றால் பஞ்சு பறக்காத இடம் ஏது? பவர் சப்ளையின் விசிறி பாதி அடைத்துப்போயிருந்தது. அப்படியானால் உள்ளே நல்ல சூடு இருந்திருக்கும் என்று அப்போதே மனதில் குறித்துக்கொண்டேன்.

செத்த பவர் சப்ளையை மேசையில் வைத்ததும் பலர் முதலில் செய்வது, கரண்ட் கொடுத்துப் பார்ப்பது. நான் அதைக் கடைசிக்குத் தள்ளிவைப்பேன். முதலில் மூக்கும் கண்ணும். கருகல் வாசனை இருக்கிறதா, மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் கண்டென்சர்களின் தலை உப்பியிருக்கிறதா, போர்டு எங்காவது பழுப்பேறியிருக்கிறதா என்று பார்ப்பேன். எண்பதுகளின் கருவி என்றால் கரண்ட் உள்ளே நுழையும் இடத்தில் தேன் நிறத்தில் ஒளி ஊடுருவும் உறை கொண்ட ரிஃபா கண்டென்சர்கள் இருக்கின்றனவா என்று தேடுவேன். உள்ளே காகிதம், வயதானால் உறை விரிசல் விட்டு ஈரத்தை இழுக்கும், பல வருடம் கழித்துக் கரண்ட் கொடுத்ததும் புகையும் நாற்றமும் அறையை நிறைக்கும். பிபிசி மைக்ரோ என்ற எண்பதுகளின் பிரிட்டிஷ் கணினி வைத்திருப்பவர்கள் எல்லோருக்கும் தெரிந்த கதை அது. இந்த 386-இல் அவை இல்லை.

அடுத்தது ஃபியூஸ். கண்ணாடி கறுத்து வெள்ளி பூசியதுபோல் இருந்தால் உள்ளே பெரிய ஷார்ட். கம்பி முழுசாக இருந்தால் எனக்குப் பாதி நிம்மதி. இங்கே முழுசாகவே இருந்தது. ஏசியை நேராக்கி டிசியாக மாற்றும் பிரிட்ஜ் டையோடுகளையும், சுவிட்சுபோல வேலை செய்யும் மாஸ்ஃபெட்டையும் மீட்டரில் பார்த்தேன். ஷார்ட் இல்லை. வெளியே 5 வோல்ட், 12 வோல்ட் கொடுக்கும் பக்கத்திலும் ஷார்ட் இல்லை.

அதன் பிறகே கரண்ட், அதுவும் சீரிஸ் பல்பு வழியாக. 100 வாட் குண்டு பல்பு ஒன்றைத் தொடரில் போட்டுவிட்டால், உள்ளே ஷார்ட் இருந்தாலும் பல்பு எரியும், போர்டு பிழைக்கும். (குண்டு பல்பு கிடைப்பது அரிதாகிவிட்டது, பார்க்கும்போதே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.) சுவிட்சைப் போட்டதும் பல்பு ஒரு கணம் மின்னி அணைந்தது. பெரிய கண்டென்சர் சார்ஜ் ஆகிவிட்டது, ஷார்ட் இல்லை என்று பொருள். அதில் 320 வோல்ட் இருந்தது. நம் 230 வோல்ட் ஏசியை நேராக்கினால் அவ்வளவு வர வேண்டியதுதான். ஆனால் வெளியே 5 வோல்ட்டும் இல்லை, 12 வோல்ட்டும் இல்லை. கதவு வரைக்கும் வந்த கரண்ட் உள்ளே போகவில்லை.

இந்த இடத்தில் கொஞ்சம் விளக்க வேண்டும். பழங்காலத்துச் சப்ளைகளில் கனமான இரும்பு டிரான்ஸ்ஃபார்மர் இருக்கும்; அவற்றுக்குத் தொடங்குவது ஒரு பிரச்சினையே இல்லை. 1977-இல் வந்த ஆப்பிள் 2 கணினிக்கு ராட் ஹோல்ட் வடிவமைத்தது ஸ்விட்சிங் சப்ளை. எடை குறைவு, சூடு குறைவு. பிறகு மேசைக் கணினி உலகம் முழுக்க அந்த வழிக்கே வந்துவிட்டது. இதில் ஒரு ஐசி (சில்லு) மாஸ்ஃபெட்டை விநாடிக்குப் பல ஆயிரம் தடவை தட்டி எழுப்பிக்கொண்டே இருக்கும். ஆனால் அந்த ஐசிக்கே சாப்பாடு வேண்டுமே? அதன் சாப்பாடு, தான் ஓட்டும் டிரான்ஸ்ஃபார்மரின் ஒரு சின்னச் சுற்றிலிருந்துதான் வருகிறது. ஓடினால்தான் சாப்பாடு, சாப்பிட்டால்தான் ஓட்டம்.

இதை அவிழ்க்க ஒரு வழி செய்திருப்பார்கள். அடிபம்பில் முதலில் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றி அடிப்போம் அல்லவா, அப்படி. 320 வோல்ட்டிலிருந்து ஒரு பெரிய மதிப்புள்ள ரெசிஸ்டர் (மின்தடை) வழியாகச் சொட்டுச் சொட்டாக ஒரு சின்னக் கண்டென்சர் நிறையும். இந்தப் போர்டில் இருந்த ஐசி 3842. கண்டென்சரில் 16 வோல்ட் சேர்ந்ததும் அது விழித்துக்கொள்ளும். 10 வோல்ட்டுக்கு இறங்கினால் மறுபடி தூங்கிவிடும். அந்த 6 வோல்ட் கரைவதற்குள் டிரான்ஸ்ஃபார்மர் சுற்றிலிருந்து சாப்பாடு வந்து சேர்ந்துவிட வேண்டும். கண்டென்சரின் கொள்ளளவு 47 மைக்ரோஃபாரட் இருந்தால் ஏறக்குறைய 15 மில்லி விநாடி அவகாசம் கிடைக்கும், அது போதும். கண்டென்சர் வற்றி 3 மைக்ரோஃபாரட்டுக்கு வந்துவிட்டால் கிடைப்பது ஒரு மில்லி விநாடி. அதற்குள் எதுவும் நடக்காது.

ஒரு தடவை ஓட்டம் பிடித்துவிட்டால் அந்தக் கண்டென்சருக்குப் பெரிய வேலை இல்லை. வற்றிப்போனாலும் இயந்திரம் ஓடும், வருடக்கணக்கில் ஓடும். நிறுத்தும் நாளில்தான் அது இல்லாதது தெரியவரும்.

ஐசி சாப்பாடு வாங்கும் 7-ஆம் காலில் முள் மீட்டரை வைத்தேன். இந்த வேலைக்கு டிஜிட்டலைவிட முள் மீட்டர்தான் எனக்குப் பிடிக்கும். எண்கள் குதிப்பதைப் படிக்க முடியாது, முள் நடுங்குவதைப் படிக்கலாம். முள் 13 பக்கம் போய் நிற்க முடியாமல் துடித்தது. காதைக் கிட்டக் கொண்டுபோனால் டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து மெல்லிய 'கிர்ர்' சத்தம். அதுவே ஒரு தடயம். வெளிப்பக்கம் ஷார்ட்டாகி, தொடக்கக் கண்டென்சர் நன்றாக இருந்தால் சத்தம் 'டிக்... டிக்... டிக்' என்று நிதானமாக வரும், ஒவ்வொரு முறையும் நிறைய நேரம் பிடிப்பதால். சின்னதாகிவிட்ட கண்டென்சர் கணத்தில் நிறைந்து கணத்தில் காலியாகும், அதனால்தான் 'கிர்ர்'. காதால் இவ்வளவு கேட்க முடிகிறது என்பது இன்றும் எனக்கு மகிழ்ச்சி தருகிறது.

பிளக்கைப் பிடுங்கி, பெரிய கண்டென்சரை ஒரு ரெசிஸ்டர் வழியாகக் காலி செய்து, மீட்டரில் பூஜ்ஜியம் பார்த்த பிறகுதான் கை வைத்தேன். இதில் மட்டும் அவசரம் கூடாது, 320 வோல்ட் ஆளைக் கொல்லும். இந்தப் பக்கத்தில், மின் அலையைத் திரையில் காட்டும் ஆசிலோஸ்கோப்பின் எர்த் கிளிப்பை மாட்டுவதும் அப்படித்தான். அங்கே இருக்கும் கிரவுண்டு நம் வீட்டு எர்த் அல்ல, மாட்டினால் வெடிக்கும்.

சந்தேகத்துக்குரிய கண்டென்சர் பார்க்க நன்றாகவே இருந்தது. உப்பவில்லை, கசியவில்லை. ஆனால் இரண்டு வாட் ரெசிஸ்டர் ஒன்றோடு ஒட்டிக்கொண்டு நின்றது. அந்த இடத்தில் போர்டு பழுப்பேறியிருந்தது. கழற்றி அளந்தேன். மேலே 47 என்று அச்சிட்டிருக்கிறது, மீட்டரில் 3-க்கும் கீழே. எலக்ட்ரோலிட்டிக் கண்டென்சரின் ஆயுள், சூடு 10 டிகிரி குறைந்தால் இரண்டு மடங்கு என்பது பொதுவான கணக்கு. 105 டிகிரியில் 2,000 மணி நேரம் என்று போட்டிருந்தால் 65 டிகிரியில் 32,000 மணி நேரம். இடைவிடாமல் ஓடும் இயந்திரத்துக்கு அது நான்கு வருடம்கூட இல்லை. விசிறி அடைத்து, சூடான ரெசிஸ்டர் பக்கத்திலேயே இருக்கும்போது இந்தக் கண்டென்சர் எப்போதோ வற்றியிருக்கும். எந்த வருடம் என்று யாருக்கும் தெரிந்திருக்காது.

47 மைக்ரோஃபாரட், 50 வோல்ட், 105 டிகிரி தாங்குவதைப் போட்டேன். ரெசிஸ்டரைக் கழற்றி, போர்டிலிருந்து ஒரு சென்டிமீட்டர் உயர்த்தி, கண்டென்சர் பக்கம் சாயாமல் திரும்ப ஈயம் வைத்தேன். இதைச் செய்யாமல் கண்டென்சரை மட்டும் மாற்றினால் வேலை பாதிதான் முடிந்திருக்கும். எந்தப் பொருள் செத்தது என்பதோடு நின்றுவிடாமல், எதனால் செத்தது என்றும் பார்க்க வேண்டும். 5 வோல்ட் பக்கத்துக் கண்டென்சர்களும் அதே வயதுதான் என்பதால் அவற்றையும் மாற்றினேன். 12 வோல்ட்டுக்கு ஒரு 21 வாட் கார் பல்பும், 5 வோல்ட்டுக்கு ஒரு ஒயர்வுண்ட் ரெசிஸ்டரும் லோடாக (கரண்ட் இழுக்கும் சுமையாக) மாட்டி சுவிட்சைப் போட்டேன். கார் பல்பு பளிச்சென்று எரிந்தது. நிறுத்தி, போட்டு, மறுபடி நிறுத்தி, போட்டு என்று பல தடவை பார்த்தேன். இந்த வகை வேலையில் ஓட வைத்துப் பார்ப்பதைவிட நிறுத்தித் தொடங்கிப் பார்ப்பதுதான் சரியான சோதனை.

மேலாளரிடம் கழற்றிய கண்டென்சரைக் காட்டினேன். "சார், இது இன்னைக்குப் போனதில்லைங்க. வருசக்கணக்கா இப்படியே இருந்திருக்கு. தம்பி ஆஃப் பண்ணலைன்னா அடுத்த தடவை கரண்ட் கட் ஆகி, ஜெனரேட்டர் மாறுற நேரத்துல இதே நடந்திருக்கும். வேலை நாள்ல நின்னுருந்தா இன்னும் கஷ்டம்" என்றேன். அவர் கண்டென்சரைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தார். "அப்ப பையன் மேல தப்பில்லைங்களா?" என்று கேட்டுவிட்டு, அவனைப் பார்த்து, "சரி போய்ச் சாப்பிடுடா" என்றார். நல்ல மனுஷர். பழுதுபார்ப்பவர் காரணத்தை விளக்கிச் சொல்லாமல் வந்துவிட்டால், இதுமாதிரிப் பழி யாராவது ஒருவர் தலையில் அப்படியே நின்றுவிடும்.

சப்ளை வந்தாலும் கணினி உடனே எழவில்லை. மதர்போர்டில் இருந்த நீல நிறப் பேரல் பேட்டரியும் கசிந்து செத்துப்போயிருந்தது. கரண்ட் இருந்தவரை பயாஸ் அமைப்புகள் (டிஸ்க் போன்றவற்றைக் கணினிக்கு அடையாளம் காட்டும் விவரங்கள்) நினைவில் இருந்தன, நிறுத்தியதும் போய்விட்டன. ஹார்டு டிஸ்க்கே இல்லை என்றது. இதுவும் அதே வகைக் கோளாறுதான். பேட்டரியைக் கழற்றி, கசிவை வினிகர் தொட்டுத் துடைத்துச் சுத்தம் செய்து, வேறு பேட்டரியை ஒயர் வைத்துப் போர்டுக்கு வெளியே மாட்டினேன். டிஸ்க்கின் மேல் அச்சிட்டிருந்த சிலிண்டர், ஹெட், செக்டர் எண்களைப் பார்த்து, பயாஸில் நாமே எண்களை நிரப்பும் 'டைப் 47' என்ற வகையில் கையால் போட்டதும் டாஸ் வந்தது. அந்த மூன்று எண்களையும் ஒரு காகிதத்தில் எழுதி, கவரின் உட்பக்கம் ஒட்டச் சொல்லி எலக்ட்ரீஷியன் பையனிடமே கொடுத்தேன். அவன், "அண்ணா, பக்கத்து ரூம்ல இதே மாதிரி இன்னொண்ணு ஓடிட்டிருக்குதுங்க. அதையும் ஒருக்கா நிறுத்திப் பார்த்தர்லாங்களா?" என்று கேட்டான். கையில் புதுக் கண்டென்சர் இருக்கும்போதே நிறுத்துவோம் என்று இரண்டு பேரும் அந்த அறைக்குப் போனோம்.