கரைக்குப் பின்னாடி ஈரம் - டேம் டைரி

ஜனவரி 6
தென்னாப்பிரிக்கால எங்க பண்ணை இருக்கற டோங்காட் பக்கம் நேத்து ராத்திரி தூறல். காலைல பீன்ஸ் பாத்திக்குப் போறப்ப டேம் கரைக்குப் பின்னாடி, அடிவாரத்துல, கிக்குயு புல்லு ஒரு பாய் அளவுக்கு மட்டும் கரும்பச்சையா தெரிஞ்சுது. கால் வச்சா சளக்னு உள்ள போகுது. மாமாகிட்ட சொன்னா "அது நீ கல்யாணம் ஆகி வர்றதுக்கு முன்னாடியே இருக்கும்மா"ன்னுட்டாரு. இருக்கலாம். எங்க தாத்தா மதுராந்தகம் பக்கத்துல ஒரு ஏரிக்குக் கம்புகட்டி (ஏரித் தண்ணியப் பாத்து வயலுக்குத் தெறந்து விடுறவரு), கசியாத மண்கரை கிடையாது, நேத்து கசிஞ்ச அளவுதான் இன்னிக்கும் கசியுதான்னு மட்டும் பாருன்னு சொல்லுவாரு. மாமாகிட்ட நேத்துக் கணக்கே இல்லையே! பண்ணைல வேல பாக்குற பாபா (ஜூலுல பெரியவங்கள இப்படித்தான் கூப்பிடணும்) மண்வெட்டியால சின்னதா வாய்க்கா கீறி பழைய பைப் துண்டு ஒண்ண சொருகினாரு, நான் ஒரு லிட்டர் ஜக்க புடிச்சேன். ஜக்கு ரொம்பறதுக்கு 14 செகண்ட் ஆச்சு. தண்ணி கண்ணாடியாட்டம் இருக்கு.

ஜனவரி 9
மழைமானில 70 மில்லிமீட்டர். ஜக்கு 11 செகண்ட், தெளிவுதான். மழைக்கு கொஞ்சம் கூடத்தான் செய்யும்னு மனச தேத்திக்கிட்டு கலங்கல் (டேம் ரொம்புனா மிச்சத் தண்ணி வழியுற எடம்) பக்கம் போய்ப் பாத்தா, குளிர்காலத்துல மாமா அடுக்கி வச்ச மணல் மூட்டை அப்படியே இருக்கு! அவர குத்தம் சொல்லவும் மனசு வரல. 2022 ஏப்ரல் வெள்ளத்துல டோங்காட் தண்ணி சுத்திகரிப்பு பிளான்டே நாசமாகி ஊரே மாசக்கணக்கா குழாய்த் தண்ணி இல்லாம கெடந்துச்சே, அப்ப எங்க டேம்ல இருந்துதான் குளிக்க, துவைக்க எடுத்தோம். அதுல இருந்து ஒரு சொட்டு வெளிய போனாலும் அவருக்கு வயிறு எரியும். ஆனா கலங்கல அடைச்சா தண்ணி கரை மேல ஏறித்தான போகும், மண்ணுக்கரை மேல தண்ணி வழிஞ்சா அரிச்சு அரிச்சு மொத்தமும் போயிடும். நானும் பாபாவும் கரை நெடுக்க கயிறு புடிச்சுப் பாத்தோம், நடுவுல மாடும் பக்கியும் (இங்க சின்ன லோடு வண்டிய இப்படித்தான் சொல்லுவாங்க) கடந்து கடந்து ரெண்டு முழத்துக்கு மேல அமுங்கியிருக்கு. அந்தப் பள்ளத்துக்கும் தண்ணிக்கும் நடுவுல வெறும் 40 சென்டி. ஓரத்துல நின்னு பாத்தா ஒன்றரை மீட்டர் இருக்கறாப்ல தெரியும், அதுதான் ஏமாத்து.
சாயந்தரம் பெரிய சண்டை. மூட்டைய எடுக்க விடல.

ஜனவரி 12
இன்னிக்கு ஒரு சோதனை. கரைல இருந்து பட்டாணி அளவு மண்ணுருண்டை ரெண்டு எடுத்து, மழைத்தண்ணி ஊத்துன டம்ளர்ல போட்டு ஆட்டாம அசைக்காம வச்சேன். பத்து நிமிஷத்துல ஒரு உருண்டைய சுத்தி பால் கலந்தாப்ல மேகம் கிளம்பி டம்ளர் பூரா பரவுது. நல்ல களிமண்ணுன்னா உதிர்ந்து அடியில குவியலா நிக்கும், தண்ணி தெளிவா இருக்கும். சோடியம் சத்து கூட இருக்கற மண்ணுதான் இப்படி தன்னால கரையும், அதுல ஊசி நுழையுற ஓட்டை விழுந்தாலும் தண்ணியே அத சுரங்கமாக்கிடும். டம்ளர மாமா முன்னாடி வச்சேன். ரொம்ப நேரம் பாத்துட்டு, "டீன்னு நெனச்சேன்"னாரு.

ஜனவரி 15
பொங்கலுக்கு மறுநாள். ராத்திரி முழுக்க கொட்டுச்சு. விடியக்காலைல பாபா வந்து கதவ தட்டுறாரு. ஜக்கு 5 செகண்ட், தண்ணி செம்மண் கலர், பைப் வாயில விசிறி விரிச்ச மாதிரி வண்டல். உள்ள இருந்து கரை கரைஞ்சு வருதுன்னு அர்த்தம். அவரு கீழ இருக்கற வீடுகளுக்கு ஓடிப்போய் சொல்லி, புள்ளைங்கள எல்லாம் மேட்டுல இருக்கற எங்க ஷெட்டுக்குக் கூட்டிட்டு வந்தாரு. மாமா ஒரு வார்த்த பேசாம மூட்டைய எடுக்கப் போனாரு, ஒவ்வொண்ணா எடுக்க எடுக்க கலங்கல்ல தண்ணி இறங்குச்சு. மதகு வால்வு துருப்பிடிச்சு அசையவே இல்ல. அதனால நாலு இஞ்ச் பைப் ரெண்டுல தண்ணி ரொப்பி, ரெண்டு முனையும் அடைச்சு, கரை மேல போட்டு தெறந்து விட்டோம், சைஃபன். வெளி முனைய கரையடில விடாம தள்ளி ஓடையில விட்டோம்.
ஊத்து வாய களிமண்ணு போட்டு அமுக்கிடலாம்னு மாமா கிளம்புனாரு. எஞ்சினியர் போன்லயே கத்துனாரு, அடைச்சா தண்ணி வேற பக்கம் பொத்துக்கும், முதல்ல ஆத்துமணல், அது மேல பொடிஜல்லி, அது மேல கல்லு போடுங்க, தண்ணி வரட்டும் மண்ணு வரக்கூடாதுன்னு. பதினொரு பக்கி லோடு. ராத்திரி 9 மணிக்கு ஜக்குல பழுப்பு கொறஞ்சுது.

ஜனவரி 17
எஞ்சினியர் வந்தாரு, அரசாங்க அங்கீகாரம் உள்ளவரு. கரை உயரம் 6.2 மீட்டர், கொள்ளளவு 55,000 கன மீட்டர் இருக்கும்னாரு. இந்த நாட்டுச் சட்டப்படி 5 மீட்டருக்கு மேல உயரமும் 50,000 கன மீட்டருக்கு மேல கொள்ளளவும் இருந்தா பதிவு பண்ணியே ஆகணும். மாமா பிஸ்கட் டின்ல இருந்து பேப்பர் எடுத்து நீட்டுனாரு, பதிவு எல்லாம் இருக்கு, முதல் வகைன்னு, அதாவது ஆபத்து கம்மின்னு போட்டிருக்கு. அப்ப கீழ வெறும் கரும்பு. இப்ப 13 வீடு. உடைஞ்சா பத்துப் பேருக்கு மேல உயிர் போகலாம்கிறதால இது ரெண்டாம் வகை ஆயிடுச்சாம். டேம் இருந்த இடத்துலயே இருக்கு, ஒரு கூடை மண்ணு கூட போடல, வகை மட்டும் மாறிடுச்சு. செலவு கணக்க கேட்டு மாமா தண்ணி குடிச்சாரு. நானும்தான்.

ஜனவரி 28
தண்ணி ரெண்டு மீட்டர் இறங்கியாச்சு. நாளுக்கு ஒரு சாணுக்கு மேல எறக்கல, வேகமா எறக்குனா நனைஞ்ச உள்கரை சரிஞ்சு விழும். தோண்டிப் பாத்தா ஓட்டைக்குக் காரணம் ஒரு பழைய யூகலிப்டஸ் வேர், உள்ள மக்கி வெறும் குழாயாட்டம் இருக்கு. மூணு வருஷத்துக்கு முன்னாடி அந்த மரத்த வெட்டுனது எங்க வீட்டுக்காரரு, கரை மேல மரம் ஆகாதுன்னு நான்தான் வெட்டச் சொன்னேன். வேர தோண்டி எடுத்து மண்ணு கெட்டிக்கணும்னு எனக்கும் தோணல. மாமாவுக்கு இத எப்படி சொல்றது.

பிப்ரவரி 11
தைப்பூசம். காவடிக்குக் கெளம்புற அவசரத்துலயும் மாமா தானே ஜக்க எடுத்துட்டுப் போயிட்டு வந்து "முப்பத்தொண்ணு"ன்னாரு. கையில வாட்ச் இல்லையே மாமா, எப்படி எண்ணுனீங்கன்னா, வேல் வேல்னு முப்பத்தொரு தரம் சொன்னாராம். செல்ல எடுத்துக்கிட்டு நான் மறுபடி போனேன். 26.