கோழிக்கறியிலிருந்து ஆக்டின் எடுக்கப் போகிறவர்களுக்கு

ஆக்டின் என்பது தசையிலும் மற்ற செல்களிலும் இழைகளாகக் கோத்துக்கொள்ளும் புரதம். அந்த இழைகள் உருவாவதைச் சோதனைக் குழாயில் பார்க்க வேண்டும், அதுதான் வேலை. சுத்தமான ஆக்டின் விலைக்குக் கிடைக்கிறது. கொட்டேஷனைப் பார்த்த கைடு, "நாமே எடுத்துக்கலாம்" என்று முடித்துவிட்டார். வேலை ஒருவழியாக முடிந்தது. எரிச்சல்தான் இன்னும் தீரவில்லை.

வழக்கமாக முயல் தசையில் எடுப்பார்கள். கோழி மார்புக் கறியிலும் எடுக்கலாம். குளிரில் வைத்து அரைத்து, அசிட்டோனில் கழுவி, பொடியாகக் காயவைப்பது வரை ஒரு தொல்லையும் இல்லை. தொல்லை அக்கவுண்ட்ஸ் செக்‌ஷனில் காத்திருந்தது. பில்லில் "சிக்கன்" என்று இருந்ததால் அது சாப்பாட்டுச் செலவாம், ஆராய்ச்சி நிதியில் வராதாம். புரதம் எடுக்க வாங்கியது என்று எழுதிக் கொடுத்தேன். "அப்படின்னா மூணு கடையில கொட்டேஷன் வாங்கியிருக்கணுமே" என்றார். கறிக்கடையில் போய் லெட்டர்ஹெட் கேட்கவா முடியும்? நீங்கள் வாங்குவதற்கு முன்பே "தசைத் திசு மாதிரி" என்று எழுதித் துறைத் தலைவரிடம் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.

அடுத்தது அல்ட்ரா சென்ட்ரிஃபியூஜ், அதாவது அதிவேகச் சுழற்றி. பொடியிலிருந்து ஆக்டினைக் கரைத்தெடுத்து, 50 மில்லிமோலார் பொட்டாசியம் குளோரைடும் 2 மில்லிமோலார் மெக்னீசியமும் சேர்த்தால் தனித்தனி மூலக்கூறுகள் இழைகளாகக் கோத்துக்கொள்ளும். பிறகு உப்பை 0.6 மோலாருக்கு ஏற்றினால் ஒட்டியிருக்கும் டிரோப்போமயோசின் என்ற இன்னொரு தசைப் புரதம் கழன்றுவிடும். அதை 1,00,000 ஜி (புவியீர்ப்பைப் போல லட்சம் மடங்கு) விசையில் சுற்ற வேண்டும். பக்கத்துத் துறையில் நேரம் பதிவு செய்து, ஐஸ் பெட்டியோடு போனால் வேக்குவம் பம்ப் பழுதாம். "நேத்தே மெயில் போட்டோமே" என்றார் ஆபரேட்டர். மெயில் அவர்கள் துறைக்கு மட்டும் போயிருந்தது.

நல்லவேளை, இழையாக இருக்கும் ஆக்டின் குளிரில் சில நாள் தாங்கும். சீக்கிரம் கெடுவது தனி மூலக்கூறுதான். அதோடு ஒட்டியிருக்கும் ஏடிபி (செல்லின் ஆற்றல் மூலக்கூறு) தீர்ந்தால் அது குலைந்துவிடும். எங்கேயாவது தாமதமாகத்தான் போகிறது என்றால் இழைக் கட்டத்தில் நிறுத்தி வையுங்கள்.

சுற்றி முடித்தால் குழாயின் அடியில் நுங்கு மாதிரி தெளிவாக ஒட்டியிருக்கும். அதைக் கலக்கி, சவ்வுப் பையில் ஊற்றி, உப்பு குறைந்த பஃபரில் மிதக்கவிட்டு (டயாலிசிஸ்) மறுபடி தனி மூலக்கூறுகளாகப் பிரிக்க வேண்டும். சீனியர் விட்டுப்போன நோட்டில் ஒரே ராத்திரி போதும் என்று இருந்தது. இழையில் சேர்ந்தால் கூடுதலாக ஒளிரும் பைரீன் சாயம் ஒட்டிய ஆக்டினைக் கொஞ்சம் கலந்து, ஒளியை அளக்கும் ஃபுளோரோமீட்டரில் வைத்தால், உப்பு சேர்த்த உடனேயே ஒளி ஏறத் தொடங்கிவிட்டது.

அப்படி ஏறக் கூடாது. இரண்டு மூலக்கூறுகள் சேர்ந்தால் உடனே பிரிந்துவிடும். மூன்றாவது வந்து சேர்ந்தால்தான் இழைக்கான தொடக்கக் கரு நிலைக்கும். அதற்குப் பிறகுதான் வேகமான வளர்ச்சி. அதனால் வரைகோடு முதலில் தட்டையாகக் கிடக்க வேண்டும். இழைகள் மேல் செல்லுக்கு இருக்கும் கட்டுப்பாடே இந்தத் தொடக்கச் சிரமத்தில்தான் இருக்கிறது. புரோஃபிலின் போன்ற புரதங்கள் தனி மூலக்கூறுகளைப் பிடித்து, கண்ட இடத்தில் கரு உருவாகாமல் தடுக்கின்றன. செல் தன் சவ்வை முன்னே தள்ள வேண்டிய ஓரத்தில் ஆர்ப்2/3 என்ற புரதக் கூட்டு, பழைய இழையின் பக்கவாட்டிலிருந்து சுமார் 70 பாகை கோணத்தில் கிளை தொடங்கி வைக்கிறது. விரல் போன்ற நீட்சிகளுக்கு ஃபார்மின் என்ற புரதம் நேரான நீண்ட இழைகளை வளர்க்கிறது. ஒரே ராத்திரியில் பிரியாத இழைத் துணுக்குகள் குழாயில் ஏற்கெனவே மிதந்தால், தொடங்கியது ஆர்ப்2/3-ஆ துணுக்கா என்று எப்படிச் சொல்வது?

நோட்டை மூடிவிட்டு, புது ஏடிபியோடு பஃபரை மாற்றி மாற்றி மூன்று நாள் டயாலிசிஸ் செய்தேன். அப்புறம் திரும்பவும் சுற்றி, மூலக்கூறுகளை அளவு வாரியாகப் பிரிக்கும் ஜெல் ஃபில்ட்ரேஷன். ஆக்டின் அளவு உச்சிக்கு வந்த பின்னால் வரும் பகுதிகளை மட்டும் எடுங்கள். முன்பகுதியில் கலப்படம் அதிகம். அளவெடுக்கச் சில நிமிடம் முன்பு கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும் இஜிடிஏ சேர்த்து, ஆக்டினில் கால்சியம் இருந்த இடத்தில் மெக்னீசியத்தை ஏற்றிவிடுங்கள். இதை விட்டால் தொடக்க நேரம் குளறுபடியாகும்.

தட்டைக் கோடு வந்தது! ஆர்ப்2/3-ஐ அதன் தூண்டியோடு சேர்த்ததும் அந்தத் தட்டை சுருங்கி, கோடு செங்குத்தாக ஏறியது. கைடு பார்த்துவிட்டு, "சரி, ரிப்பீட் பண்ணு" என்றார்.

ரிப்பீட் செய்யும்போது இரண்டு விஷயம். ஏடிபி கரைசல் அமிலமாக இருக்கும், பிஹெச் 7-க்குக் கொண்டுவராமல் பஃபரில் ஊற்றாதீர்கள். பைரீன் குழாயை வெளிச்சம் படாமல் அலுமினியத் தாளில் சுற்றி வையுங்கள்.