பால் பத்துதா?

ஜூலை 29, செவ்வாய்

வீட்டுக்கு வந்தாயிற்று. பிள்ளை பெற்றவர்களை வீட்டில் கொண்டுவிடும் 102 வண்டி பாலக்கோடு தாண்டியதும் ஒவ்வொரு வேகத்தடைக்கும் தையல் சுளீரென்றது. பாப்பா பிறந்தபோது 2,620 கிராம். இன்று காலை 2,410. "ஏழு எட்டு சதவீதம் இறங்கறது சகஜம்தாம்மா, பத்துக்குப் போகாம பாத்துக்கோ" என்று சிஸ்டர் சொல்லி அனுப்பினார். வழியெல்லாம் அதே கணக்கு. 210ஐ 2,620ஆல் வகுத்தால் எட்டு. பத்துக்கு இன்னும் ஐம்பது கிராம்தான் இருக்கிறது. ஐம்பது கிராம் என்றால் ஒரு தக்காளி.

ஜூலை 30, புதன்

மணி பன்னிரண்டு, ஒன்றரை, மூன்று, நாலே கால். வாயைத் திறக்கிறாள், தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டித் தேடுகிறாள், காம்பு நாக்கில் பட்டதும் நழுவிவிடுகிறது. மூன்றாவது தடவை உள்ளங்கால் வரை சிவந்து போய்க் கத்துகிறாள். அப்புறம் கத்தக்கூடத் தெம்பில்லாமல் தூங்கிவிடுகிறாள். காதை நீவினாலும் பாதத்தைச் சுரண்டினாலும் எழுந்திருப்பதில்லை.

பால் கட்டிக் கல்லாகிவிட்டது. எனக்கு முன்பே தட்டையான காம்பு. இப்போது சுற்றிலும் வீங்கி, அதுவும் உள்ளே போய்விட்டது. ஆஸ்பத்திரியில் சிஸ்டர் 10 மில்லி சிரிஞ்சின் மூக்கை அறுத்து, பிஸ்டனை அறுத்த பக்கமாகத் திருப்பிப் போட்டு, வழவழப்பான பக்கத்தை மார்பில் வைத்து மெதுவாக இழுத்துக் காட்டினார். அங்கே வெளியே வந்தது. அவள் வாயருகே போவதற்குள் திரும்ப உள்ளே.

அம்மா வெந்நீர்த் துணி ஒத்தடம் கொடுத்துப் பிழிந்து பாலாடையில் புகட்டினாள். பாதி கழுத்து மடிப்பில் போயிற்று. அந்தப் பாதியை நினைத்து ஒரு மணிநேரம் அழுதேன்.

ஜூலை 31, வியாழன்

"பால் பத்துதா?" இன்று கேட்டவர்கள் ஆறு பேர். பால்காரர் உட்பட.

ஆகஸ்ட் 1, வெள்ளி

சுகாதார நிலையத்தில் தாய்ப்பால் வாரத்துக்குப் போஸ்டர் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். படத்தில் இருக்கிறவள் தலை சீவி, பூ வைத்து, சிரித்துக்கொண்டு பால் கொடுக்கிறாள். அவள் கீழேதான் எனக்கு நாற்காலி.

2,430. மூன்று நாளில் இருபது கிராம்.

நர்சம்மா பக்கத்தில் உட்கார்ந்து ஒரு முழுப் பாலூட்டலையும் பார்த்தார். இதுவரை யாரும் அப்படிப் பார்த்ததில்லை. முன்னால் கொஞ்சம் பிழிந்துவிட்டால் காம்பைச் சுற்றியுள்ள கருவளையம் இளகும் என்றார். மூக்குக்கு நேராகக் காம்பு இருக்கட்டும், வாய் நன்றாகத் திறந்த பிறகு பிள்ளையை மார்புக்குக் கொண்டுவா, மார்பைப் பிள்ளையிடம் கொண்டுபோகாதே என்றார். எல்லாம் செய்தோம். கடைசியில், "37 வாரத்துலயே வந்துட்டா, வாயும் சின்னது, சீக்கிரம் களைச்சுடறா. கொஞ்ச நாளைக்கு நிப்பிள் ஷீல்டு, காம்பு மேல மாட்டற உறை, போட்டுப் பாக்கலாம். ஆனா வாரா வாரம் எடை பாக்கணும், குடிச்சு முடிச்சதும் மீதியைப் பிழிஞ்சு எடுக்கணும். இது ஊன்றுகோல் மாதிரிதான்" என்றார்.

ஓசூரில் இருக்கும் வீட்டுக்காரருக்கு ஃபோன் போட்டேன். "ஹெல்மெட்டா?" என்றார். ஷிஃப்டில் மிஷின் சத்தம்.

ஆகஸ்ட் 2, சனி

ஓசூர் மெடிக்கலில் கொடுத்ததை அப்படியே வாங்கி வந்துவிட்டார். 24 மில்லிமீட்டர். பாப்பாவுக்கு ஓங்கரிக்கிறது. இதில் அளவு இருக்கிறது என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது, கடைக்காரருக்கும் தெரியவில்லை.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. ஒகேனக்கல் போகிற கூட்டத்தில் தர்மபுரி பஸ் ஸ்டாண்டே தெரியவில்லையாம். அந்த நெரிசலில் நாலாவது கடையில் 20 கிடைத்தது.

உள்ளங்கையில் வைத்தால் ஒன்றுமே இல்லாதது போல இருக்கிறது. மெல்லிய சிலிக்கான், சின்னத் தொப்பி, நுனியில் நாலு ஊசித்துளை. வெந்நீரில் நனைத்து, விளிம்பை மேல்நோக்கி மடக்கி, நுனியைப் பாதி உள்ளே தள்ளி, காம்பின் மேல் வைத்து விளிம்பை இறக்கி நீவ வேண்டும். அப்போது அது காம்பைத் தானாக உள்ளே இழுத்துக்கொள்கிறது. நாலு தடவை தெறித்து விழுந்தது. ஓரத்தில் பிறை போல வெட்டு விட்டிருக்கிறார்கள், அந்த இடம் பிள்ளையின் மூக்குப் பக்கம் வரவேண்டும். நான் தலைகீழாக வைத்திருந்தேன்.

ஐந்தாவது தடவை பிடித்தாள்.

வேகமாகச் சப்பினாள், அப்புறம் நிதானமானாள். தாடை ஆழமாக இறங்கி, ஒரு நொடி நின்று, தொண்டையில் 'க்'. மறுபடி 'க்'. எண்ணினேன், நாற்பத்தொன்று. அவள் வாயை எடுத்தபோது அந்தத் தொப்பிக்குள் பால் நின்றது, மஞ்சள் தீர்ந்த வெள்ளைப் பால். அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் ஃபோட்டோ எடுத்தார். எதற்கு என்று தெரியவில்லை.

ஆகஸ்ட் 4, திங்கள்

தீட்டுக் கழித்தார்கள். வீடு நிறையப் பெண்கள், கட்டிலைச் சுற்றி எட்டுப் பேர், எல்லோர் பார்வையும் என் மேல். நனைத்த ஷீல்டு வழுக்கிக்கொண்டே போகிறது. பாப்பா கத்துகிறாள். ஒருத்தி முருங்கைக்கீரை என்கிறாள், ஒருத்தி பால்சுறா, ஒருத்தி தண்ணீர் குடித்தால் வயிறு போட்டுவிடும் என்று சொம்பை எடுத்து வைக்கிறாள். நர்சம்மா தாகத்துக்குக் குடி என்றாரே.

அப்பா வாசலில் நின்றபடி, யாரையும் பார்க்காமல் சொன்னார்: "கொட்டகையில கூட்டம் போட்டா மாடு பாலை அடக்கிக்கும். எல்லாரும் வந்து சாப்பிடுங்க."

ஐந்து நிமிடத்தில் அறை காலி. பெற்ற மகளை மாடு என்றதற்குக் கோபம் வரவேண்டும். வரவில்லை.

ஆகஸ்ட் 6, புதன்

அத்தை வந்திருக்கிறார். தட்டில் காய வைத்திருந்ததைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "புட்டி வேண்டாம்னுட்டு புட்டி மூடியை மாட்டிக்கிட்டியா?" என்றார். பதில் சொல்லத் தெரியவில்லை. இரவு வரை சொல்லத் தெரியவில்லை. இப்போது சொல்கிறேன்: அத்தை, புட்டிக்குப் பின்னால் நான் இருக்கமாட்டேன், இதற்குப் பின்னால் இருக்கிறேன். அவர் தூங்கிவிட்டார்.

ஆனாலும் அந்தச் சொல் போகமாட்டேன் என்கிறது. இதிலேயே பழகிவிட்டால்? ஆறு மாதம் கழித்து ஒரு கல்யாண வீட்டில், பஸ் ஸ்டாண்டு பாலூட்டும் அறையில், பைக்குள் இந்தத் துளியூண்டு சிலிக்கானைத் தேடிக்கொண்டிருப்பேனா? குடிக்கிறாளா, சப்பிக்கொண்டு கிடக்கிறாளா? தொப்பியில் நின்ற பால் எத்தனை மில்லி? அப்பா காலையில் சொசைட்டிக்கு ஏழு லிட்டர் ஊற்றிவிட்டு வருகிறார், அட்டையில் அளவு, கொழுப்பு எல்லாம் எழுதிக் கொடுக்கிறார்கள். நான் கைப் பம்பில் அரைமணி நேரம் எடுத்தது பதினைந்து மில்லி.

ஆகஸ்ட் 7, வியாழன்

இரவு இரண்டு மணிக்குத் தக்காளி எடை போடும் தராசைக் கொண்டுவரச் சொன்னேன். அப்பா ஒன்றும் கேட்கவில்லை. தட்டைத் துடைத்து, வேட்டியை மடித்துப் போட்டு, பூஜ்ஜியமாக்கி வைத்தார். 2.49. கையை ஆட்டினால் 2.52. தும்மினால் 2.47. குடிப்பதற்கு முன் ஒரு தடவை, பின் ஒரு தடவை. பத்துக் கிராமுக்குக் கீழ் காட்டாது என்று மூன்றாவது தடவைக்குப் பிறகுதான் சொன்னார்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

பதினாலு நாள். 2,540. பிறந்த எடைக்கு இன்னும் வரவில்லை.

தராசு விஷயத்தை அம்மா போட்டுக் கொடுத்துவிட்டாள். நர்சம்மா திட்டினார். "எத்தனை தடவை ஒண்ணுக்குப் போறா, அதை எண்ணு." ஆறு, ஏழு. "அப்ப பால் போகுது. இன்னும் கொஞ்சம் போகணும், அவ்வளவுதான்." சப்புவதை நிறுத்தும்போது மார்பைக் கையால் அமுக்கிக் கொடு, பிழிந்த பதினைந்து மில்லியையும் பாலாடையில் கொடு, செவ்வாய்க்கிழமை வா. பதினைந்து மில்லியை அவர் கேவலமாக நினைக்கவில்லை.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

மூன்று மணிக்கு ஷீல்டைக் காணோம். கண்ணாடி நிறத்தில் செய்தவனை என்ன சொல்ல. போர்வையை உதறி, செல் வெளிச்சத்தில் கட்டிலுக்கு அடியில் தேடி, அம்மா தலைமுடியில்கூடத் தேடினோம். அது என் ரவிக்கையிலேயே ஒட்டிக் கிடந்திருக்கிறது, பாப்பா அதைப் பார்த்துத்தான் கத்தியிருக்கிறாள்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

2,670! ஐம்பது கிராம் கூடவே.

பால் பத்துதா என்று கேட்ட எல்லோருக்கும் ஃபோன் போடலாமா என்று பார்த்தேன்.

ஆகஸ்ட் 14, வியாழன்

சோப்பு போட்டுக் கழுவி, இட்லிப் பானையில் கொதிக்க வைப்பது தினம் என் வேலை. இன்று அம்மா அடுப்பில் வைத்துவிட்டு மறந்துவிட்டாள். சிலிக்கான் பிழைத்தது. பானைதான் கருகிப்போனது.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

விடியற்காலை. அரைத் தூக்கத்தில் ஷீல்டோடு ஆரம்பித்தாள். பால் இறங்கும்போது மார்பில் அந்தச் சுருக். இரண்டு நிமிடம் விட்டு, நர்சம்மா சொன்னபடி சட்டென்று எடுத்துவிட்டு அப்படியே வைத்தேன். கண்ணைத் திறக்கவில்லை. வாயைத் திறந்தாள்.

வலித்தது. அவள் நாக்கு சொரசொரப்பு என்று இன்றைக்குத்தான் தெரிந்தது.

அடுத்த தடவை முடியவில்லை. அதற்கடுத்த தடவையும்.

ஆகஸ்ட் 18, திங்கள்

ஷீல்டு இல்லாமல் பத்தில் ஒன்று. இடது பக்கம்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

2,880. தக்காளி விலை விழுந்துவிட்டது, அப்பா மண்டியிலிருந்து பெட்டியைத் திருப்பிக் கொண்டுவந்துவிட்டார். நான் எடையைச் சொன்னதும், "இங்கயாவது ஏறுதே" என்றார்.

ஆகஸ்ட் 21, வியாழன்

பத்தில் நாலு. வலது பக்கத்துக்கு இன்னும் தொப்பி வேண்டுமாம்.