இருநூறு கிலோமீட்டருக்குப் பிறகு இழுக்க மறுத்த வண்டி

சென்னையிலிருந்து திருநெல்வேலிக்கு ஆண்டுக்கு நான்கைந்து முறையாவது காரில் போய்வருகிறவன் நான். என்னுடையது 2016-இல் வாங்கிய டீசல் வண்டி. 2021 டிசம்பரில் அது ஒரு லட்சத்துப் பத்தாயிரம் கிலோமீட்டர் ஓடியிருந்தது. அந்த மாதப் பயணத்தில் ஏறத்தாழ இருநூறு கிலோமீட்டர் ஓடி உளுந்தூர்ப்பேட்டையைத் தாண்டியபின் கரும்பு ஏற்றிய லாரி ஒன்றை முந்துவதற்காக ஆக்சிலரேட்டரை அழுத்தினேன். முழுவதும் மிதித்தும் வண்டி இழுக்கவில்லை. நூறில் போய்க்கொண்டிருந்த வேகம் எழுபதுக்கு இறங்கியது, என்ஜின் விளக்கு மஞ்சளாக எரிந்தது. பின்னால் பேருந்து வந்துகொண்டிருந்தபோது அந்த லாரியின் பக்கவாட்டிலேயே மாட்டிக்கொண்ட அந்தச் சில நொடிகளை நான் இன்னும் மறக்கவில்லை. ஒருவழியாகப் பின்வாங்கி இடப்பக்கம் ஒதுக்கி நிறுத்தி, சாவியை அணைத்துவிட்டு மறுபடி போட்டதும் பழைய வேகம் திரும்பிவிட்டது. ஆனால் நான்கு கிலோமீட்டர் போவதற்குள் அதே திணறல் மீண்டும் வந்தது.

சென்னைக்குத் திரும்பி இரண்டு பட்டறைகளில் காட்டினேன். முதல் பட்டறையில் ஐந்து கிலோமீட்டர் ஓட்டிப் பார்த்து, குறை எதுவும் இல்லை என்றார்கள். ஆனாலும் ஏர் ஃபில்டரையும் டீசல் ஃபில்டரையும் மாற்றி, புகையில் ஒரு பகுதியை மீண்டும் என்ஜினுக்குள் விடும் ஈ.ஜி.ஆர். வால்வைச் சுத்தம் செய்து அனுப்பினார்கள். அடுத்த பயணத்திலும் அதே ஊரை ஒட்டி அதே தொல்லை வந்தது. இரண்டாவது பட்டறையில் ஸ்கேனரைப் போட்டுப் பார்த்துவிட்டு, டர்போ, அதாவது புகைக்காற்றால் சுழன்று என்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தரும் விசிறி, தரும் அழுத்தம் குறைந்ததாகப் பதிவாகியிருக்கிறது, எனவே டர்போ போய்விட்டது என்று சொல்லி 72,000 ரூபாய்க்கு மதிப்பீடு எழுதிக் கொடுத்தார்கள். டர்போ தேய்ந்திருந்தால் அதன் அடையாளம் சென்னையிலேயே மதுரவாயல் மேம்பாலத்தில் ஏறும்போதும் தெரிய வேண்டுமே, இருநூறு கிலோமீட்டர் ஓடியபின் மட்டும் ஏன் தெரிகிறது என்ற கேள்விதான் அந்தப் பணத்தைச் செலவழிக்கவிடாமல் என்னைத் தடுத்தது.

நெடும்பயணத்தில் மட்டும் வரும் கோளாறுக்கு வெப்பம், நேரம், தொடர்ச்சியான பாரம் என்று மூன்று காரணங்கள்தான் இருக்க முடியும். இவற்றில் எது என்று பிரித்துப் பார்ப்பதற்கு முன்னால், குறைந்திருப்பது என்ஜினின் சக்திதானா என்பதை உறுதி செய்துகொள்ள வேண்டும். கிளட்ச் வழுக்கினாலும் வண்டி இழுக்காது. ஆனால் அப்போது ஆர்.பி.எம். முள் ஏறும், வேகம் மட்டும் ஏறாது. பிரேக் பிடித்துக்கொண்டிருந்தாலும் இழுக்காது. வண்டியை நிறுத்தியதும் நான்கு சக்கரங்களின் அருகிலும் உள்ளங்கையைத் தொடாமல் நீட்டிப் பார்த்தால், பிடித்துக்கொண்டிருக்கும் சக்கரத்திலிருந்து அனல் தனியாக அடிக்கும். என் வண்டியில் இரண்டும் இல்லை. மலையேறும்போது ஏற்படும் குறைவைக் கோளாறு என்று எண்ணவேண்டாம் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். டர்போ இல்லாத என்ஜின், ஒவ்வோர் ஆயிரம் மீட்டர் உயரத்துக்கும் ஏறத்தாழ பத்து சதவீதச் சக்தியை இழக்கும். ஊட்டியில் அத்தகைய வண்டி சோர்ந்து ஓடுவது அங்கே காற்று மெலிந்திருப்பதால்தான்.

அடுத்ததாக நான் கவனித்தது, சக்தி எப்படித் திரும்புகிறது என்பதை. சாவியை அணைத்துப் போட்ட மாத்திரத்தில் திரும்பினால், கட்டுப்பாட்டுக் கணினி ஏதோ ஓர் அளவு தவறியிருப்பதைக் கண்டு, என்ஜினைக் காப்பதற்காகத் தானே சக்தியைக் குறைத்திருந்தது என்று பொருள். சாவியைப் போட்டதும் அது அந்தக் கட்டுப்பாட்டை நீக்கிவிடும், ஆனால் மூலக் காரணம் அப்படியே இருக்கும். என் வண்டியில் உடனே கிளப்பினால் நான்கு கிலோமீட்டர்தான் ஓடியது. சாப்பாட்டுக்காக அரைமணி நேரம் நிறுத்தினாலோ அறுபது கிலோமீட்டர் வரை நன்றாக ஓடியது. அந்த அரைமணி நேரத்தில் எங்கோ ஏதோ ஒன்று தானாகச் சரியாகிறது என்பது புரிந்தது. சூடான ஒன்று ஆறலாம். அடைத்துக்கொண்ட ஒன்று விலகலாம்.

டாஷ்போர்டுக்கு அடியில் இருக்கும் பதினாறு முனைச் சொருகியில் மாட்டும் புளூடூத் கருவி ஒன்றை வாங்கினேன். மூன்றாவது பயணத்தில் தம்பி முன்னிருக்கையில் உட்கார்ந்து கைப்பேசியில் இரண்டே அளவுகளைப் பார்த்துக்கொண்டு வந்தான். ஒன்று, பம்பு அழுத்தித் தரும் டீசல் இன்ஜெக்டர்களுக்குப் போகுமுன் தேங்கும் குழாயான டீசல் ரெயிலில் கணினி கேட்கும் அழுத்தமும் அங்கே உண்மையில் இருக்கும் அழுத்தமும். மற்றொன்று, டர்போ தரும் காற்றழுத்தம். கேட்கும் அழுத்தத்தை எல்லா வண்டிகளும் காட்டுவதில்லை, என்னுடையது காட்டியது. திண்டிவனம் வரையில் முழு மிதியில் கணினி 1,350 பார் அழுத்தம் கேட்டால் 1,340 கிடைத்தது. விழுப்புரம் தாண்டியதும் 1,280, உளுந்தூர்ப்பேட்டையை நெருங்கும்போது 1,200, அதன்பின் 1,050. அதுவரையில் காற்றழுத்தம் 2.1 பாரிலிருந்து அசையவே இல்லை. விளக்கு எரிந்து, ரெயில் அழுத்தம் குறைவு என்பதற்கான பி 0087 என்ற குறியீடு விழுந்த பிறகுதான் காற்றழுத்தமும் சரிந்தது. கணினி எரிபொருளைக் குறைத்துவிட்டால் புகைக்காற்று குறையும், புகைக்காற்று குறைந்தால் டர்போ சுழல்வதும் குறையும். இரண்டாவது பட்டறைக்காரர் கண்ட டர்போ அழுத்தக் குறைவு பொய்யல்ல, ஆனால் அது விளைவு. எது முதலில் விழுந்தது என்பதைப் பயணத்தின்போதே பார்க்காமல், நின்ற வண்டியில் குறியீட்டை மட்டும் படித்தால் இந்த வரிசை தெரியவே தெரியாது.

இதுவே மறுபுறமாக இருந்து, ரெயில் அழுத்தம் நிலையாக நிற்கக் காற்றழுத்தம் முதலில் விழுந்திருந்தால், டர்போவிலிருந்து வரும் சூடான காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் ரப்பர் குழாயில் வெடிப்பு இருக்கிறதா என்று தேடியிருப்பேன். குளிர்ந்திருக்கும்போது மூடிக்கொண்டிருக்கும் மெல்லிய கீறல், ரப்பர் சூடாகி இளகியதும் அழுத்தத்தில் வாய் திறக்கும். அதைச் சுற்றி எண்ணெய்ப் பிசுக்கு படிந்திருக்கும். பெட்ரோல் வண்டியாக இருந்தால் டேங்குக்குள் இருக்கும் மின்பம்பு சூடேறித் தளர்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். அந்தப் பம்பைக் குளிர்விப்பதே அதைச் சூழ்ந்திருக்கும் பெட்ரோல்தான் என்பதால், எப்போதும் ரிசர்வில் ஓட்டுகிறவர்களின் பம்பு சீக்கிரம் சோர்ந்துபோகும். பி.எஸ்.6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வந்த டீசல் வண்டிகளில் இருக்கும் கரித்துகள் வடிகட்டி அடைவது பெரும்பாலும் நகரத்தின் குறும்பயணங்களால்தான். நீண்ட ஓட்டம் அதைச் சுட்டுச் சுத்தம் செய்துவிடும்.

கைப்பேசியில் பதிவான அந்த அழுத்த அளவுகளோடு, திருச்சியில் பம்பும் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரும் மட்டுமே பார்க்கும் டீசல் பட்டறை ஒன்றுக்குப் போனேன். அதை நடத்தும் பெரியவர் கைப்பேசியில் இருந்த அழுத்தக் கோடுகளை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, "பம்பைக் கழற்ற வேண்டாம் சார், அதுக்குச் சாப்பாடு போகுதான்னு முதல்ல பார்ப்போம்" என்றார். என் வண்டியில் டேங்குக்குள் மின்பம்பு கிடையாது. முன்னால் என்ஜினோடு இருக்கும் பம்பேதான் டேங்கிலிருந்து டீசலை உறிஞ்சிக்கொள்கிறது. டேங்கிலிருந்து வரும் குழாய் ஃபில்டருக்குள் நுழைவதற்குச் சற்று முன்னால் ஒரு மூன்றுவழி இணைப்பைப் போட்டு, உறிஞ்சும் இழுவையைக் காட்டும் சிறிய மானியைக் கண்ணாடி ஓரத்தில் டேப்பால் ஒட்டினார். பட்டறையிலிருந்து கிளம்பியபோது முள் 0.1 பாருக்கு அருகில் நின்றது. விராலிமலை தாண்டி, துவரங்குறிச்சியையும் தாண்டி ஓட ஓட அது மெல்ல மெல்ல ஏறி, மேலூருக்கு அருகில் 0.4-ஐத் தொட்டது. தொட்டதும் வண்டி திணறியது. ஃபில்டருக்கு முன்னாலேயே இவ்வளவு இழுவை இருக்கிறதென்றால் அடைப்பு டேங்குக்கும் ஃபில்டருக்கும் நடுவில்தான் இருந்தாக வேண்டும். முதல் பட்டறை போட்ட புதிய ஃபில்டர் பயன்தராததன் காரணமும் அங்கேயே தெளிவாகிவிட்டது.

டேங்கை இறக்கினார்கள். உறிஞ்சு குழாயின் அடியில் உள்ளங்கை அகலத்தில் இருந்த நைலான் வலையில் பழுப்பு நிறத்தில், ஜவ்வரிசிக் கஞ்சி ஆறினால் படியும் ஏடு போன்ற ஒரு பாசம் ஒட்டியிருந்தது. விரலால் வழித்தால் துண்டு துண்டாக வந்தது. டேங்கின் அடியில் மிஞ்சியதைப் பெரியவர் கண்ணாடிப் புட்டியில் ஊற்றி வைத்தார். பத்து நிமிடத்தில் டீசல் மேலே தெளிய, அடியில் இரண்டு விரற்கடை உயரத்துக்குத் தண்ணீர் பிரிந்து நின்றது. நடுவில், இரண்டும் சந்திக்கும் இடத்தில், அதே பழுப்புப் படலம்.

டீசலில் நீர் தேங்கினால் அந்த எல்லையில் பூஞ்சையும் பாக்டீரியாவும் வளரும். விமான எரிபொருள் டேங்குகளிலும் கப்பல் டேங்குகளிலும் நெடுங்காலமாகத் தெரிந்த தொல்லை இது. 2020 மார்ச் ஊரடங்கு தொடங்கியபோது கால் டேங்க் டீசலோடு நிறுத்திய என் வண்டி, நடுவில் வந்த மழைக்காலம் முழுவதும் பெரும்பாலும் அப்படியேதான் நின்றது. காலியிடத்தில் இருந்த ஈரக்காற்று குளிர்ந்து நீராகி அடியில் சேர்ந்திருக்க வேண்டும். நெடுஞ்சாலையில் தொடர்ந்து உறிஞ்சும்போது பாசம் சிறிது சிறிதாக வந்து வலையில் ஒட்டுகிறது. பம்பு எடுக்கும் டீசலில் ஒரு பகுதி எரியாமல் சூடாக டேங்குக்கே திரும்புவதால் அடியில் கிடப்பதும் கலங்கிக்கொண்டே இருக்கிறது. நிறுத்தினால் இழுவை நின்று பாசம் உதிர்ந்து அமர்கிறது. அரைமணி ஓய்வுக்கு அறுபது கிலோமீட்டர் கிடைத்ததன் கணக்கு இதுதான்.

டேங்கைக் கழுவி, குழாய்களில் காற்றடித்து, வலையையும் ஃபில்டரையும் புதிதாகப் போட்டதற்குக் கூலியோடு 6,800 ரூபாய் ஆனது. டர்போவை யாரும் தொடவில்லை. மானியைக் கழற்றாமலேயே திருநெல்வேலி வரை ஓட்டச் சொன்னார் பெரியவர். கயத்தாறு தாண்டும்போதும் முள் 0.1-ஐ விட்டு நகரவில்லை. இப்போது ஐயாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை, வண்டி இரவு முழுவதும் நின்ற பிறகு, காலையில் கிளப்புவதற்கு முன் ஃபில்டரின் அடித்திருகைத் தளர்த்தி அரை டம்ளர் டீசலைப் புட்டியில் பிடித்துப் பார்க்கிறேன். முதல் இரண்டு முறை அடியில் சில துளி நீர் இருந்தது. மூன்றாவது முறை எதுவும் இல்லை.