இரண்டாவது விரல்

ஜனவரி 9, வியாழன்

0.38.

ஜனவரி 10, வெள்ளி

நேற்று அந்த எண்ணை மட்டும் எழுதிவிட்டுப் படுத்துவிட்டேன். கணுக்காலில் அளந்த ரத்த அழுத்தத்தைக் கையில் அளந்த அழுத்தத்தால் வகுத்தால் வருவது. 0.9-க்குக் கீழே போனாலே அடைப்பு என்று அர்த்தமாம். இது என் வீட்டுக்காரருடைய இடது கால். வலது கால் 0.7. அதைப் பற்றி யாரும் பேசவே இல்லை.

ராத்திரி கண் விழித்தால் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து காலைத் தொங்கப் போட்டுக்கொண்டிருக்கிறார். தொங்கப் போட்டால் கொஞ்சம் ரத்தம் தானாக இறங்குகிறது, வலி தணிகிறது. படுத்தால் மறுபடி எரிச்சல். தொங்கும்போது பாதம் செக்கச்செவேல் என்று இருக்கும், தூக்கி வைத்தால் வெளுத்துவிடும். அந்தச் சிவப்பைக் காட்டித்தான் போன வருஷம் முழுக்க "நல்லாத்தானே இருக்கு, பாரு" என்று என் வாயை அடைத்தார்.

ஜனவரி 13, திங்கள்

இடது காலின் இரண்டாவது விரல் நுனி அப்படியே கறுப்பு. பரவவில்லை. பரவவில்லை என்றுதான் நினைக்கிறேன். பேனாவால் ஓரத்தில் கோடு போட்டு வைத்திருக்கிறேன்.

ஜனவரி 16, வியாழன்

ஆஞ்சியோ படத்தை, அதாவது காலின் ரத்தக் குழாய்களை எடுத்த படத்தை, திரையில் காட்டினார் டாக்டர். முழங்காலுக்குக் கீழே போகும் மூன்று குழாயும் பாதியில் அறுந்த நூல் மாதிரி நின்றுவிடுகின்றன. பைபாஸ் செய்யக் கீழே கொண்டுபோய் இணைக்க நல்ல குழாய் ஒன்றாவது வேண்டும். இல்லை. குழாயைத் திறந்து பிடிக்கிற ஸ்டென்ட் வைக்கவும் இடமில்லை.

"அப்போ காலை எடுக்கணுமா?" என்று இவரே கேட்டார். எனக்கு அந்த வார்த்தை வாயில் வந்திருக்காது.

அதற்கு முன்னால் ஒன்று முயன்று பார்க்கலாம், ஒரு டிரயல், புது மருந்தைச் சோதிக்கிற ஆய்வு, நடக்கிறது என்றார் டாக்டர். மரபணு சிகிச்சை. புதுக் குழாய் வளரத் தூண்டுகிற புரதம் ஒன்று உண்டு. அதைச் செய்யத் தெரிந்த மரபணுவை வட்டமான டிஎன்ஏ துண்டில் ஏற்றி, கால் தசையில் ஊசியாகப் போடுவார்கள். அந்த வட்டத் துண்டைப் பிளாஸ்மிட் என்கிறார்கள். சில தசை செல்கள் அதை உள்ளே வாங்கிக்கொண்டு கொஞ்ச காலம் அந்தப் புரதத்தைச் சுரக்கும், பிறகு நின்றுவிடும். அதற்குள் அடைப்பைச் சுற்றிக்கொண்டு போகிற சின்னக் குழாய்கள் கிளைத்தால் நல்லது.

போனில் சொன்னதும் மகள் கேட்டாள்: "அப்பாவோட ஜீனே மாறிடுமாம்மா?" மாறாதாம். குரோமோசோமோடு ஒட்டாதாம். மாறினால்தான் என்ன, கொஞ்சம் மாறட்டுமே என்று தோன்றியது.

ஜனவரி 18, சனி

தூக்கம் இல்லை. படித்துக்கொண்டிருந்தேன். பாஸ்டனில் ஜெஃப்ரி இஸ்னர் என்று ஒரு இதய மருத்துவர். 1996-ல் லான்செட் மருத்துவ இதழில் ஒரே ஒரு நோயாளியைப் பற்றி அவர் குழு எழுதிய கட்டுரை. 71 வயதுப் பெண்மணி, வலது கால். பலூன் குழாயின் மேல் மரபணுவைப் பூசி ரத்தக் குழாய்க்குள் விட்டிருக்கிறார்கள். நாலு வாரம் கழித்து எடுத்த படத்தில் முழங்கால், கெண்டைக்கால், கணுக்கால் மூன்று இடத்திலும் புதுக் கிளைகள். ஒரு வாரத்திலேயே பாதத்துப் பக்கம் சிலந்தி மாதிரி மூன்று சிவப்புப் புள்ளிகள் வந்தனவாம். ஒன்றை வெட்டி எடுத்துப் பார்த்தார்கள், குழாய்ச் சுவர் செல்கள் பெருகியிருந்தன. மற்ற இரண்டும் தானே மறைந்தன. காலும் வீங்கியது.

கட்டுரையில் அந்த அம்மாவுக்குப் பெயர் கிடையாது. வயசும் காலும்தான். இஸ்னர் 2001-ல் மாரடைப்பில் போய்விட்டார், 53 வயசு.

ஜனவரி 21, செவ்வாய்

சம்மதப் படிவம், பக்கம் பக்கமாக. இவர் படிக்காமலே கையெழுத்துப் போட்டார். நான் படித்தேன். உடம்பில் எங்காவது புற்றுநோய் இருக்கக் கூடாது, ஏனென்றால் குழாய் வளரத் தூண்டுகிற மருந்து கட்டிக்கும் தீனி போட்டுவிடலாம். அதே காரணத்தால் கண்ணும் பார்க்க வேண்டும். சர்க்கரையால் விழித்திரையில் புதுக் குழாய் முளைத்திருந்தால் டிரயலில் சேர்க்க மாட்டார்கள். காலில் வராத குழாய் கண்ணில் மட்டும் வேண்டாத இடத்தில் வந்து தொலைக்குமாம். என்ன உடம்பு இது.

ஜனவரி 24, வெள்ளி

கண் ரிப்போர்ட் வரவில்லை.

ஜனவரி 25, சனி

வரவில்லை. "டிவி எழுத்து தெரியுதா?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறேன். எரிச்சலாகி எழுந்து போய்விட்டார், நொண்டிக்கொண்டே.

ஜனவரி 27, திங்கள்

கண் பாஸ்! லேசான பாதிப்புதான், புதுக் குழாய் இல்லை. நெஞ்சுப் படம், புராஸ்டேட் ரத்தப் பரிசோதனை எல்லாம் சரி.

சாயங்காலம் அலமாரியில் பழைய ஸ்வெட்டர் பையில் சிகரெட் பாக்கெட். பாதி காலி. ஒன்றும் கேட்கவில்லை. எடுத்து மேஜைமேல் வைத்தேன். சாப்பிட்டு முடிக்கும்வரை இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டோம்.

பிப்ரவரி 4, செவ்வாய்

கம்ப்யூட்டர் குலுக்கிப் போட்டுவிட்டது. மருந்தா வெறும் தண்ணியா என்று இவருக்கும் தெரியாது, ஊசி போடுகிறவருக்கும் தெரியாது. பெட்டியில் எண் மட்டும்.

பிப்ரவரி 5, புதன்

நாளை முதல் ஊசி. இன்று இதைப் படித்திருக்கக் கூடாது.

வேறொரு மரபணு, வேறொரு மருந்து. சின்ன ஆய்வில் மருந்து போட்டவர்களுக்குக் கால் எடுப்பது ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. எல்லோரும் குதித்தார்கள். பிறகு 30 நாடுகளில் 525 பேரைச் சேர்த்துப் பெரிதாகச் செய்தார்கள். டாமரிஸ் என்று பெயர், 2011-ல் முடிவு வந்தது. ஒரு வருஷத்துக்குள் காலை இழந்தவர்கள் அல்லது இறந்தவர்கள்: வெறும் ஊசி போட்டவர்களில் 33 சதவீதம், மருந்து போட்டவர்களில் 36.

மூன்றில் ஒருவர், எந்தப் பக்கம் நின்றாலும். மிச்ச இரண்டு பேரை எண்ணிக்கொள் என்று மனசுக்குச் சொல்கிறேன், அது கேட்கவில்லை.

மாப்பிள்ளை வேறு அனுப்பியிருக்கிறார், ரஷ்யாவில் 2011-லிருந்தே இப்படி ஒரு மருந்துக்கு அனுமதி இருக்கிறதாம். ஜப்பானில் 2019-ல் நிபந்தனையோடு ஒன்றுக்கு அனுமதி கொடுத்தார்களாம். அதே ஜப்பானில் 2024-ல் கம்பெனியே விண்ணப்பத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டது, முதல் ஆய்வில் வந்த பலன் பிறகு வரவில்லை என்று. அதை மாப்பிள்ளை அனுப்பவில்லை. நானாகத் தேடி எடுத்தேன்.

பிப்ரவரி 6, வியாழன்

கெண்டைக்காலில் வரிசையாக ஊசி. "எறும்பு கடிச்ச மாதிரிதான்" என்றார். ஊசிக்குழலையே பார்த்துக்கொண்டிருந்தேன். நிறமே இல்லை. இருந்தால் மட்டும் என்ன தெரிந்திருக்கும்.

பிப்ரவரி 12, புதன்

டார்ச் அடித்துப் பாதம் முழுக்கத் தேடினேன். கணுக்காலுக்கு மேலே ஒரு சிவப்புப் புள்ளி! கால் இருக்கா என்று பார்த்தேன், சிலந்திக்கு இருக்கிற மாதிரி. இவர் குனிந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "கொசுடி."

பிப்ரவரி 15, சனி

கால் வீங்கியிருக்கிறது. அழுத்தினால் குழி விழுகிறது. அந்த 71 வயது அம்மாவுக்கும் வீங்கியதே. புருஷன் கால் வீங்கியதற்குச் சந்தோஷப்பட்டவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

பிப்ரவரி 17, திங்கள்

ராத்திரி முழுக்கத் தொங்கப் போட்டால் யார் காலும் வீங்கும் என்றார் டாக்டர்.

மார்ச் 6, வியாழன்

அடுத்த சுற்று ஊசியும் ஆயிற்று. எழுத ஒன்றுமில்லை.

மார்ச் 14, வெள்ளி

படுத்தே தூங்கினார். விடியும்வரை. மூச்சு வருகிறதா என்று மூக்குக்குக் கீழே விரலை வைத்துப் பார்த்தேன்.

மார்ச் 19, புதன்

இப்போதெல்லாம் படுத்துத்தான் தூங்குகிறார். வலி மாத்திரையும் பாதிதான். விரலில் கறுப்புக்கும் நல்ல தோலுக்கும் நடுவே தெளிவாக ஒரு கோடு. நான் பேனாவால் போட்டது இல்லை, உடம்பே போட்டது. காய்ந்து தானாக உதிரலாம், ஈரம் கட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்கள்.

சந்தோஷமாக இருக்க வேண்டியதுதானே. ஆனால் ஜனவரியிலிருந்து சர்க்கரை கட்டுக்குள் வந்திருக்கிறது, ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை, கொழுப்பு மாத்திரை ஒழுங்காகப் போகின்றன, நர்ஸ் வந்து புண்ணைச் சரியாகக் கட்டுகிறார். சிகரெட் இல்லை, எனக்குத் தெரிந்த வரை. இதெல்லாம் வெறும் தண்ணி ஊசி போட்டவர்களுக்கும் உண்டு. மருந்து இல்லாத பக்கமும் பலபேருக்குப் புண் ஆறுவது இதனால்தான். அப்படியானால் எது வேலை செய்தது?

"வலி குறைஞ்சா சரி, எதனால குறைஞ்சா உனக்கென்ன?" என்கிறார்.

எனக்கென்னவா? தண்ணி ஊசியில் இவ்வளவு முடியும் என்றால் ஐந்து வருஷம் முன்னாலேயே முடிந்திருக்கும். இதைச் சொன்னேன். அதற்குப் பிறகு இருவரும் பேசவில்லை.

மார்ச் 20, வியாழன்

இன்னும் பேசவில்லை. கட்டு மாற்றும்போது காலை நீட்டினார், மாற்றிவிட்டேன்.

ஏப்ரல் 8, செவ்வாய்

0.46.

கூடியிருக்கே என்றேன். 0.15 அளவாவது கூடினால்தான் கணக்கில் எடுப்போம், அதற்குக் கீழே அளக்கிறபோதே ஏறி இறங்கும் என்றார்கள். படத்தில் கிளைகள் தெரிகிறதா என்று கேட்டேன். டிரயல் முடியும்வரை எதுவும் சொல்ல முடியாதாம். பெட்டியை எப்போது திறப்பீர்கள்? கடைசி நோயாளிக்கும் ஒரு வருஷம் முடிந்த பிறகு. கடைசி நோயாளி இன்னும் சேரவே இல்லையாம்.

ஏப்ரல் 11, வெள்ளி

காலையில் கட்டு மாற்றும்போது தற்செயலாக வலது கால் கையில் பட்டது. பெருவிரல் ஜில்லென்று இருக்கிறது. "ஃபேன் காத்து" என்று போர்வைக்குள் இழுத்துக்கொண்டார். அந்த 0.7-ஐ ஜனவரிக்குப் பிறகு யாரும் அளக்கவில்லை. டிரயல் இடது காலுக்கு மட்டும்தான். போன் செய்தேன், ஒருங்கிணைப்பாளர் லீவு. திங்கட்கிழமை முதல் வேலையாக வலது காலையும் அளக்கச் சொல்ல வேண்டும்.