அட்டாரி 2600: ஒரு வரிசையில் ஆறு இன்வேடர்கள்

அட்டாரி 2600 என்ற பழைய வீட்டு வீடியோ கேம் பெட்டிக்கு ஸ்பேஸ் இன்வேடர்ஸ் ஆட்டத்தை நானே எழுதிப் பார்க்கிறேன். வரிசையின் நடுவில் நிற்கும் இன்வேடரை, அதாவது படையெடுத்து வரும் வேற்றுக்கிரக உருவத்தைச் சுட்டால் அது மட்டும் மறைந்து, இருபுறமும் உள்ளவை இடம் மாறாமல் நிற்கும் நிலைக்கு என் நிரல் வந்துவிட்டது. அப்பெட்டியைக் கணினியில் போலச்செய்யும் ஸ்டெல்லா எமுலேட்டரில் மட்டுமன்றி, பழைய அட்டாரி 2600 பெட்டியிலும் படம் ஆடாமல் நிற்கிறது.

1978-இல் டைட்டோ நிறுவனத்துக்காகத் தொமோஹிரோ நிஷிகாடோ உருவாக்கிய ஸ்பேஸ் இன்வேடர்ஸ் எனும், நாணயம் போட்டு ஆடும் ஆர்கேட் ஆட்டத்தில் 55 இன்வேடர்கள் உண்டு. 1980-இல் வீட்டுக்கு வந்த அட்டாரி கார்ட்ரிட்ஜில் 36 மட்டுமே. ஆர்கேட் பலகையில் முழுத்திரைப் படத்தையும் வைத்திருக்க 7 கிலோபைட் நினைவகம் இருந்தது. 2600-இல் மொத்தமே 128 பைட் என்பதால், தொலைக்காட்சித் திரையில் வரி வரியாகப் படம் தீட்டும் கதிர் ஓடும்போதே, வரிக்கு 76 செயலிச் சுழற்சிகளுக்குள் படத்தை வரைந்தாக வேண்டும். எட்டு பிக்செல் அகலமுள்ள உருவங்கள் இரண்டே கிடைக்கும். ஒவ்வொன்றையும் நியூசைஸ் (NUSIZ) பதிவகம், அதாவது நகல்களின் எண்ணிக்கையைத் தீர்மானிக்கும் சிறு நினைவிடம், மூன்றாக்கித் தரும். 32 பிக்செல் இடைவெளியில் நிற்கும் அம்மூன்றுக்கும் நடுவே, மற்ற உருவத்தின் மூன்றையும் 16 பிக்செல் தள்ளிக் கோத்தால் ஆறு கிடைக்கிறது.

என்னைப் பாடாய்ப்படுத்தியது, வீழ்ந்த இன்வேடரை நீக்கும் வேலை. ஓர் உருவத்தின் மூன்று நகல்களில் நடுவில் உள்ளது வீழ்ந்தால், நியூசைஸில் மூன்றையும் வரையும் 6-க்குப் பதில், இரு ஓரங்களை மட்டும் வரையும் 4 எழுதினால் போதும். இடக்கோடியில் உள்ளது வீழ்ந்தாலோ, உருவத்தின் தொடக்க இடத்தையே 32 பிக்செல் வலப்புறம் தள்ள வேண்டும். உருவத்தைச் சிறிதளவு நகர்த்த உதவும் நுண்ணகர்வு வசதியோ ஒரு தடவைக்கு 8 பிக்செலுக்கு மேல் நகர்த்தாது. ஆகவே கதிர் உரிய இடத்தைக் கடக்கும் கணத்தில் இடப் பதிவகத்தில் எழுத வேண்டியிருக்கிறது. ஒரு சுழற்சிக்கு 3 பிக்செல் என்பதால், 5 சுழற்சி எடுக்கும் காத்திருப்பு லூப் 15 பிக்செல் படிகளாகக் கொண்டுசெல்ல, மிச்சத்தை நுண்ணகர்வு சரிசெய்கிறது. வரிசைகளுக்கு இடையிலான வெற்று வரிகளை இதற்கே செலவிட்டேன். இந்த லூப், நினைவகம் 256 பைட் பக்கங்களாகப் பிரியும் எல்லையைத் தாண்டி அமைந்தால், ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு சுழற்சி கூடிக் கணக்கு முழுவதும் கெட்டுவிடும். லூப்பை ஒரே பக்கத்துக்குள் வைத்தே தீர வேண்டும்.

குறைந்துபோன 19 இன்வேடர்களை அக்காலத்து வீடுகள் பொருட்படுத்தவில்லை. நாணயம் போடாமல் ஆடலாம் என்பதும், அதே கார்ட்ரிட்ஜில் 112 வகை ஆட்டங்கள் இருந்ததும் போதுமானவையாக இருந்தன. 1994-இல் நாம்கோ டெக்கன் ஆர்கேட் ஆட்டத்தையே பிளேஸ்டேஷன் என்ற வீட்டு ஆட்டப்பெட்டியின் வன்பொருளைத் தழுவிய பலகையில் வெளியிட்டபோது, ஆர்கேடுக்கென்று இருந்த தொழில்நுட்ப மேன்மையும் கரைந்தது என்பதே என் கருத்து.

என் பெட்டி ஐரோப்பாவில் வழங்கிய பால் (PAL) தொலைக்காட்சி முறையைச் சேர்ந்தது என்பதால், அமெரிக்க முறையின் 262 வரிகளுக்குப் பதில் 312 வரிகளுக்கும் வேறு நிறங்களுக்கும் தனிப் பதிப்பு எழுத வேண்டும். 1982-இன் பேக்-மேன் கார்ட்ரிட்ஜில் மினுமினுத்த நான்கு பேய்களையும் நிலையாக நிற்கவைத்துப் பார்க்கும் ஆசை இப்போதே வந்துவிட்டது. அதற்கு முன், குண்டு பட்டால் அரிபடும் கேடயங்களை எழுதி முடிக்க வேண்டும்.