ஒரு குமிழ்

"முதல்லயே 1.57 வந்திருந்தா, குமிழைத் தேடியிருப்பீங்களா சார்?"

குத்திக்காட்டக் கேட்கவில்லை அவள். வேலைக்குச் சேர்ந்து நாலு மாசம்தான், தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். "தேடியிருப்பேனே" என்றேன். வாயை மூடுவதற்குள் அது பொய் என்று தெரிந்துவிட்டது.

(போனின் ரேடியோ அலைகளை உடல் எவ்வளவு உறிஞ்சுகிறது என்று அளப்பதுதான் எங்கள் ஆய்வகத்தின் வேலை. எஸ்.ஏ.ஆர் என்ற அந்த அளவையும் நாங்கள் 'சார்' என்றுதான் சொல்வோம். "சார் எவ்வளவு சார்?" என்று கேட்டுக்கேட்டு இப்போது யாருக்கும் சிரிப்பு வருவதில்லை.)

நடந்தது இவ்வளவுதான். பொம்மைத் தலையின் வலது கன்னத்தில் போன். 1 கிராம் திசுவுக்குச் சராசரி எடுத்தால் கிலோவுக்கு 1.63 வாட். வரம்பு 1.6. தலைக்குள் அளவெடுக்கும் ரோபோக் கையை ஒதுக்கிவிட்டு, தலைக்குள் டார்ச் அடித்துப் பார்த்தேன். காதுக்கு உள்புறம், திசுவுக்குப் பதிலாக ஊற்றிவைத்த, சர்க்கரையும் உப்பும் கரைத்த திரவத்துக்குள், கடுகளவு ஒரு காற்றுக்குமிழ் ஒட்டிக்கொண்டிருந்தது. கரண்டிக் காம்பால் தட்டிவிட்டதும் மேலே ஏறி உடைந்தது. போனுக்குச் சார்ஜ் ஏற்றி மறுபடி முழு ஸ்கேன். 1.57. தேறியது. பதிவேட்டில் "குமிழ் நீக்கி மறுஅளவீடு" என்று எழுதினேன். 1.63 என்பதை எழுதவில்லை.

செல்லாத அளவீட்டை அறிக்கையில் ஏன் போட வேண்டும்? குமிழ் இருந்தது நிஜம், கண்ணால் பார்த்தேன். ஆனால் குமிழ் எண்ணைக் கூட்டியும் காட்டும், குறைத்தும் காட்டும். 0.9 வந்த நாட்களில் டார்ச்சை நான் தொட்டதே இல்லை. மூன்றாவது தடவையும் எடுத்திருக்கலாம். நேரமில்லை என்று அன்று சொல்லிக்கொண்டேன். 1.61 வந்துவிடுமோ என்ற பயம்தான்.

போன் புற்றுநோய் தருமா என்று சொந்தக்காரர்கள் கேட்டால் தடுமாற மாட்டேன். உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2011-இல் ரேடியோ அலைகளை '2பி' பிரிவில் வைத்தது. 'உண்டாக்கக்கூடும்' என்பதுதான் அதன் பொருள், 'உண்டாக்கும்' இல்லை என்று விளக்குவேன். அவளிடம் அன்று வரம்பின் கதையைச் சொன்னேன். ஆய்வக விலங்குகளின் நடத்தை மாறத் தொடங்கியது, உடல் முழுக்கச் சராசரியாகக் கிலோவுக்கு 4 வாட் அளவில். அதை 50-ஆல் வகுத்தால் 0.08. ஓரிடத்தில் குவிவதற்காக அதில் 20 மடங்கு விட்டால் 1.6. அதுவும் நாங்கள் அளக்கும்போது போன் முழுச் சக்தியில் கத்திக்கொண்டே இருக்கும். சிக்னல் நன்றாக இருக்கும் இடத்தில் அது முணுமுணுப்பதோடு சரி. ஐரோப்பாவில் 10 கிராமுக்குச் சராசரி எடுத்து 2 வரை விடுகிறார்கள். அந்தக் கணக்கில் இதே போன் சுலபமாகத் தேறிவிடும். எங்கள் கருவியின் நிச்சயமின்மையே 20 சதவீதத்துக்கு மேல். 30-ஐத் தாண்டாதவரை, வந்த எண்ணை அப்படியே வரம்போடு ஒப்பிடலாம் என்பதுதான் நடைமுறை. 1.63-க்கும் 1.57-க்கும் உள்ள வித்தியாசம் எந்தக் காதுக்கும் தெரியப்போவதில்லை.

எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள்.

"அப்போ 1.63-ஐயே தேறிடுச்சுன்னு போட்டிருக்கலாமே சார்?"

"அதெப்படி? கோடுன்னா கோடுதான்."

இந்த இரண்டு வாக்கியங்களுக்கு நடுவில்தான் மாட்டிக்கொண்டிருக்கிறேன். கோடு அவ்வளவு முக்கியம் என்றால், ஒரு பக்கம் மட்டும் டார்ச் அடிப்பது தப்பு. முக்கியமில்லை என்றால் அன்று ஏன் அப்படிப் பதறினேன்? இன்றும் 1.63 வந்தால் டார்ச்சைத்தான் எடுப்பேன். எடுக்காமல் இருப்பது அதைவிடத் தப்பாகத் தோன்றுகிறது.

அவள் இப்போது 0.4 வந்தாலும் நிறுத்திவிட்டுத் தலைக்குள் எட்டிப் பார்க்கிறாள். வேலை தாமதமாகிறது. மேலதிகாரிகள் கேட்டால், திரவத்தின் வெப்பநிலை நிலைக்கு வரவில்லை என்று சொல்லிச் சமாளிக்கிறேன்.